கண்ணு பாக்குற விதம் புரிஞ்சா கலர் பிடிபடும்: பாண்டி தெருவுல உக்காந்தே கத்துக்க ஒரு முழு வழிகாட்டி

டிராயிங் நல்லா வருது, பெர்ஸ்பெக்டிவ் கூட பரவாயில்ல, ஆனா கலர் போட்ட உடனே படம் செத்துப் போயிடுதுன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஒயிட் டவுன் பக்கம் ஸ்கெட்ச் புக்கோட உக்காந்திருக்கிற பசங்ககிட்ட பேசிப் பாருங்க, முக்கால்வாசி பேர் இதத்தான் சொல்லுவாங்க, சொல்லிட்டு நேரா கடைக்குப் போய் இன்னும் ரெண்டு கலர் ட்யூப் வாங்கிட்டு வருவாங்க. ட்யூப் வாங்கி இந்தப் பிரச்சினை தீராதுங்க. நம்ம கண்ணு கலர அளக்குற மீட்டர் கிடையாது, பக்கத்துல என்ன இருக்கு, எந்த வெளிச்சத்துல இருக்குன்னு ஒப்பிட்டுப் பாத்துதான் இது மஞ்ச, இது வெள்ளன்னு முடிவே பண்ணுது. இந்த ஒரு விஷயம் மண்டைல ஏறிடுச்சுன்னா கைல இருக்கிற கொஞ்சூண்டு கலர வச்சே ஒயிட் டவுனோட கடுகு மஞ்ச சுவத்த வெயில்ல தகதகன்னு நிக்க வைக்கலாம்.

தேவையானது ரொம்ப கம்மி. யெல்லோ ஓக்கர், லெமன் யெல்லோ, பர்ண்ட் சியன்னா, அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரின் ப்ளூ, வெள்ளை, அவ்வளவுதான். வாட்டர்கலர்னா வெள்ளைக்குப் பதிலா பேப்பரே இருக்கு. கறுப்பு வேணாம், ஏன்னு பின்னாடி சொல்றேன். ஒரு சாம்பல் கலர் அட்டை, அதுல பஞ்சிங் மெஷின்ல ரெண்டு ஓட்டை. கைல போன் இருந்தா போதும்.

முதல் படி: கண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க

விழித்திரைல ரெண்டு வகை செல்லு இருக்கு. கூம்பு செல்லு சுமார் 60 லட்சம், குச்சி செல்லு சுமார் 12 கோடி. கலர் பாக்குறது கூம்பு, மங்கலான வெளிச்சத்துல வேலை செய்யறது குச்சி, குச்சிக்கு கலர் தெரியாது. கூம்புல மூணு வகை, நீளமான அலைக்கு ஒண்ணு, நடுத்தரத்துக்கு ஒண்ணு, குட்டை அலைக்கு ஒண்ணு. இதுல நீலத்துக்கான குட்டை அலை கூம்பு ரொம்ப கம்மி, மொத்தத்துல பத்துல ஒரு பங்கு கூட வராது.

இங்கதான் பெயிண்ட் பண்றவங்களுக்குத் தேவையான விஷயம் ஆரம்பிக்குது. இந்த மூணு கூம்பு அனுப்புற சிக்னல மூளை அப்படியே எடுத்துக்காது, கண்ணுலேர்ந்து கிளம்பும்போதே அது ஜோடி ஜோடியா மாறிடுது, சிவப்பா பச்சையா, நீலமா மஞ்சளா, வெளிச்சமா இருட்டான்னு மூணு தராசு. எவால்ட் ஹெரிங்னு ஒரு ஜெர்மன் உடலியல் அறிஞர் 19ஆம் நூற்றாண்டுலயே இதச் சொல்லிட்டாரு. நீலம் கலந்த மஞ்சன்னு ஒரு கலர உங்களால கற்பனை கூட பண்ண முடியாதது இதனாலதான். ஒரு தட்டு ஏறினா இன்னொரு தட்டு இறங்கும். கீழ சொல்லப்போற பாதி விஷயத்துக்கு இந்தத் தராசுதான் காரணம், அதனால இத மறக்காதீங்க.

ரெண்டாவது படி: கலர மறந்துட்டு வெளிச்சம் இருட்ட மட்டும் பாருங்க

கண்ண இடுக்கிக்கிட்டு தெருவப் பாருங்க. சின்னச் சின்ன டீட்டெயில் எல்லாம் போய் நாலஞ்சு பெரிய கட்டம் மட்டும் தெரியும், சில கட்டம் வெளிச்சமா, சில கட்டம் இருட்டா. அத முதல்ல பென்சில்ல அஞ்சே அஞ்சு டோன்ல, அதாவது வெளிச்சம் இருட்டு அளவுல போடுங்க. 1 பேப்பர் வெள்ளை, 5 நல்ல இருட்டு. போன்ல போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்தி உங்க பென்சில் டோனோட ஒத்துப் பாக்கலாம், ஆனா முதல்ல கண்ணால போடுங்க, அப்புறம்தான் போன்.

இதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னா, ஒரு பொருள் எங்க இருக்கு, எவ்வளவு தூரம், அசையுதா நிக்குதான்னு பாக்குற மூளைப் பகுதி பெரும்பாலும் வெளிச்சம் இருட்ட வச்சுதான் வேலை செய்யுது, கலர அது கண்டுக்கறதே இல்ல. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872ல வரைஞ்ச சூரிய உதயம் படத்துல ஆரஞ்சு சூரியன் துடிக்கிற மாதிரி இருக்கும். அத கறுப்பு வெள்ளையாக்கினா சூரியன் கிட்டத்தட்ட காணாம போயிடும், ஏன்னா சுத்தி இருக்கிற சாம்பல் மேகமும் அந்த ஆரஞ்சும் ஒரே வெளிச்ச அளவுல இருக்கு. ஹார்வர்டுல நரம்பியல் ஆராய்ச்சி பண்ற மார்கரெட் லிவிங்ஸ்டன் இதப் பத்தி விளக்கியிருக்காங்க: கலர் பாக்குற பகுதிக்கு சூரியன் பளிச்சுன்னு தெரியுது, இடம் பாக்குற பகுதிக்கு அது எங்க இருக்குன்னே புரியல, அந்தக் குழப்பம்தான் நமக்குத் துடிப்பா தெரியுது. நீங்களும் ஒரு இடத்த மினுமினுன்னு ஆட வைக்கணும்னா ரெண்டு கலரையும் ஒரே டோன்ல வைங்க. உறுதியா நிக்கணும்னா டோன்ல வித்தியாசம் காட்டுங்க. டோன் சரியா இருந்தா கலர் கொஞ்சம் முன்னப்பின்ன போனாலும் படம் நிக்கும், டோன் தப்பிடுச்சுன்னா எவ்வளவு அழகான கலரும் காப்பாத்தாது.

மூணாவது படி: ஓட்ட போட்ட அட்டை

இதுக்கு நேரம் ஒதுக்குங்க, இந்த வழிகாட்டில இருக்கிறதுலயே கண்ணத் திறக்குற பயிற்சி இதுதான். துமா வீதி, ரோமன் ரோலான் வீதி மாதிரி கடலுக்கு இணையா போற தெருவுல காலைல எட்டு மணி வாக்குல நில்லுங்க. ஒரு பக்கம் கிழக்கு பாத்த சுவரு வெயில்ல இருக்கும், எதிர் பக்கம் முழுசா நிழல். வெயில்ல கடுகு மஞ்ச சுவரு, நிழல்ல வெள்ள பார்டர் போட்ட ஜன்னல் இருக்கிற மாதிரி ஒரு இடமாப் பாத்துப் பிடிங்க. இப்ப எது அதிக வெளிச்சம்னு யார்கிட்ட கேட்டாலும் வெள்ளைன்னுதான் சொல்லுவாங்க.

அட்டைய கைய நீட்டிப் பிடிச்சு ஒரு ஓட்டைல வெயில் மஞ்சளும் இன்னொரு ஓட்டைல நிழல் வெள்ளையும் தெரியற மாதிரி வைங்க. சுத்தி இருக்கிறது எல்லாம் மறைஞ்சு ரெண்டு பொட்டு கலர் மட்டும் தெரியும். வெள்ளைன்னு நெனச்சது நீலம் கலந்த சாம்பலா, அதுவும் மஞ்சளவிட நல்லா இருட்டா இருக்கும். அது வெள்ளைன்னு மூளைக்கு முன்னாடியே தெரியும், அதனால நிழல கழிச்சுட்டு ‘வெள்ளை’ன்னு நமக்குச் சொல்லிடுது. வீட்டுக்குள்ள, வெளில, ட்யூப் லைட்டுல, எங்க பாத்தாலும் தக்காளி சிவப்பாவே தெரியறதுக்கும் இதே வேலைதான் காரணம். பெரிய மார்க்கெட்டுல காய் வாங்க இது அருமையான வசதி, பெயிண்ட் பண்ண உக்காந்தா இதுதான் முதல் தடை. 2015ல ஒரு டிரெஸ் போட்டோ உலகம் பூரா சண்டைய கிளப்புச்சே, நீலம் கறுப்பா, வெள்ளை தங்கமான்னு, அதுவும் இந்தக் கழிக்கிற வேலைதான். அந்த டிரெஸ் நிழல்ல இருக்குன்னு எடுத்துக்கிட்ட மூளை நீலத்தக் கழிச்சுட்டு வெள்ளைன்னு சொல்லுச்சு, மஞ்ச லைட்டுல இருக்குன்னு எடுத்துக்கிட்ட மூளை நீலம்னு சொல்லுச்சு.

அட்டைல தெரியற கலர பேலட்ல கலந்து, பிரஷ் நுனில எடுத்து ஓட்டைக்குப் பக்கத்துலயே அட்டை மேல ஒரு பொட்டு வச்சுப் பாருங்க. அட்டைல விழுற வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி பொட்டு மாறும்ங்கறதால அட்டைய ஒரே சாய்வுல பிடிங்க. ரெண்டும் ஒண்ணா தெரியற வரைக்கும் கலந்துக்கிட்டே இருங்க. சலிப்பாதான் இருக்கும், ஆனா கொஞ்ச நாள் பண்ணீங்கன்னா அட்டை இல்லாமலே தெரிய ஆரம்பிச்சுடும்.

வெயில் நம்ம ஊரு வெயில்ங்கறத மறக்காதீங்க

கலர் பத்தின பாடம் நெறைய ஐரோப்பால எழுதுனது. அங்க சூரியன் சாய்வா வரும், நிழல் நீளமா விழும். பாண்டி கிட்டத்தட்ட 12 டிகிரி வடக்குல இருக்கு, ஏப்ரல் கடைசிலயும் ஆகஸ்ட் கடைசிலயும் நடு மத்தியானம் சூரியன் உச்சந்தலைக்கு நேரா நிக்கும், சுவத்துக்கு நிழலே இருக்காது. அந்த நேரத்துல சுவர விட தரைதான் வெளிச்சமா இருக்கும், தரைல பட்டு மேல திரும்புற வெளிச்சம் பால்கனிக்கு அடில, ஜன்னல் மேல இருக்கிற சன்ஷேடுக்கு அடில எல்லாம் இளஞ்சூடா ஏறும் (கலர் மஞ்ச ஆரஞ்சு பக்கம் சாஞ்சா சூடு, நீலத்துப் பக்கம் சாஞ்சா குளிர்). அடிப்பக்கம்னா இருட்டுன்னு கண்ண மூடிக்கிட்டு ப்ளூ அடிக்காதீங்க, அட்டையப் பிடிச்சுப் பாத்தா அங்க ஆரஞ்சு சாயல் இருக்கும். கடுகு மஞ்ச சுவத்துக்குப் பக்கத்துல இருக்கிற வெள்ள பார்டர்லயும் அதே மாதிரி மஞ்ச திரும்பி விழும்.

காலைல கதை வேற. வெயில் சூடான மஞ்ச, நிழலுக்கு வானத்து நீலம் மட்டும்தான் வெளிச்சம், அதனால நிழல் நீலமாவோ ஊதாவாவோ சாயும். மேகம் மூடின மழை நாள்ல இந்தச் சூடு குளிர் வித்தியாசமே இருக்காது, ஆனா சுவத்தோட சொந்தக் கலர் அன்னிக்குதான் நல்லா தெரியும். வெளிச்சம் மாறிக்கிட்டே இருக்கிறதால ஒரு படத்துக்கு ஒரு மணி, மிஞ்சிப்போனா ஒன்றரை மணி நேரம், அதுக்கு மேல போனா முதல்ல போட்ட நிழலும் கடைசியா போட்ட நிழலும் வேற வேற நேரமா இருக்கும். மோனே பிரான்ஸ்ல இருக்கிற ரூவான் தேவாலயத்த 30 தடவைக்கு மேல வரைஞ்சது சும்மா இல்லைங்க, வெளிச்சம் மாறினா படமே வேறன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

பக்கத்து கலர் பண்ற வேலை

எனக்கு ரொம்பப் பிடிச்ச படி இது. 1824ல பாரிஸ்ல கோபெலின் திரைச்சீலை ஆலைல சாயப் பிரிவுக்குத் தலைமையா வந்தவர் ஷெவ்ரல்னு ஒரு வேதியியல் அறிஞர். கறுப்பு நூலுக்கு சாயம் சரியா ஏறல, வெளுத்துத் தெரியுதுன்னு புகார். அவர் நூல எடுத்து சோதிச்சாரு, சாயத்துல ஒரு கோளாறும் இல்ல. கறுப்ப நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்துல நெய்யும்போது கண்ணுக்கு அப்படித் தெரியுதுன்னு கண்டுபிடிச்சாரு. 1839ல இதப் பத்தி பெரிய புத்தகமே போட்டாரு, பின்னாடி வந்த ஓவியர்கள் அத விழுந்து விழுந்து படிச்சாங்க.

இத நேர்ல பாக்க பீச் ரோடு காந்தி சிலைக்குப் போங்க. சுத்தி நிக்கிற கருங்கல் தூண் எல்லாம் செஞ்சிலேர்ந்து வந்தது. விடியக்காலைல வானம் ஆரஞ்சா இருக்கும்போது தூணுக்குப் பின்னாடி வானம் வர்ற மாதிரி நின்னு பாத்தா கல்லு நீலம் பாய்ஞ்ச சாம்பலா தெரியும். வெயில் ஏறின பிறகு பின்னாடி நீலக்கடல் வர்ற மாதிரி நின்னு பாத்தா அதே கல்லு பழுப்பு பாய்ஞ்சு சூடா தெரியும். வெளிச்சமும் மாறியிருக்கு, ஒத்துக்கறேன். அதனால வீட்டுக்கு வந்து பேப்பர்ல பண்ணிப் பாருங்க: ஒரே சாம்பல்ல ரெண்டு சின்ன சதுரம் வெட்டி ஒண்ண ஆரஞ்சு தாள் நடுவுலயும் இன்னொண்ண நீலத் தாள் நடுவுலயும் ஒட்டுங்க. ஒரே பேப்பர்தான்னு தெரிஞ்சும் கண்ணு ஒத்துக்காது. ஆரஞ்சு தட்டு ஏறினதால நடுவுல இருக்கிற சாம்பல் நீலத்துப் பக்கம் தள்ளப்படுது, தராசு வேலைதான்.

நம்ம வீட்டுப் பொம்பளைங்க இத எப்பவோ பிடிச்சுட்டாங்க. மார்கழி மாசம் சாணி தெளிச்ச வாசல்ல மாக்கோலம் போட்டு சுத்தி செங்காவி இழுப்பாங்க பாருங்க, காவி இழுக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கோலம் சுமாரான வெள்ளை, இழுத்த பிறகு பளீர்னு குளிர்ச்சியான வெள்ளை. மாவு அதே மாவுதான்.

இத படத்துல எப்படிக் கொண்டு வர்றதுன்னா, சுவரு மஞ்ச பத்தலன்னு தோணினா இன்னும் மஞ்ச அடிக்காதீங்க. பக்கத்துல இருக்கிற நிழல ஊதா சாயல் உள்ள சாம்பலா மாத்துங்க, அல்ட்ராமரினும் அலிசரினும் கலந்து அதுல துளி ஓக்கர் விட்டா அந்தச் சாம்பல் வரும். மஞ்ச தானா எழுந்து நிக்கும். ஒயிட் டவுன்ல நீலத்துல வெள்ள எழுத்து போட்ட தெருப் பலகை மஞ்ச சுவத்து மேல எவ்வளவு எடுப்பா இருக்குன்னு பாத்திருப்பீங்க, எதிரெதிர் தட்டு பக்கத்துல பக்கத்துல இருக்கிறதுதான் காரணம். படத்துல அந்தப் பலகை ஒரு அரை இஞ்சு இருந்தாலே போதும், மொத்த சுவத்தையும் அது தூக்கிவிடும். பெருசா போட்டீங்கன்னா ரெண்டும் அடிச்சுக்கும்.

அடிச்சுக்கறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, போர்டு எழுதற ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் நீல பேக்ரவுண்டுல சிவப்பு எழுத்து எழுதிட்டிருந்தாரு, கூட நின்ன பையன்கிட்ட “தம்பி, எழுத்தச் சுத்தி ஒரு வெள்ளக் கோடு விடுப்பா, இல்லன்னா எழுத்து ஆடும்”னு சொன்னாரு. நூத்துக்கு நூறு சரி. சிவப்பும் நீலமும் கண்ணோட லென்ஸ்ல ஒரே இடத்துல ஃபோகஸ் ஆகாது, டோனும் கிட்டக்கிட்ட இருந்தா ஓரம் நடுங்கும். நடுவுல வெள்ளையோ கறுப்போ போனா கண்ணுக்குப் பிடிமானம் கிடைச்சுடும்.

ஒரே மஞ்ச சுவத்த ரொம்ப நேரம் உத்துப் பாத்தா கண்ணு சலிச்சுப் போய் மஞ்சளே கம்மியா தெரியும், நீங்க பாட்டுக்கு கலர ஏத்திக்கிட்டே போவீங்க. நடுவுல எழுந்து தார் ரோட்டையோ கடலையோ ரெண்டு நிமிஷம் பாத்துட்டு வாங்க. நம்பிக்கை இல்லன்னா வெள்ளத் தாள்ல ஒரு சிவப்பு வட்டத்த 30 விநாடி உத்துப் பாத்துட்டு பக்கத்து வெத்துத் தாளப் பாருங்க, அங்க நீலப்பச்சைல ஒரு வட்டம் மிதக்கும்.

மஞ்சளுக்கு நிழல் கலக்கறது

கறுப்பு ஏன் வேணாம்னு இப்ப சொல்றேன். மஞ்சளோட கறுப்பு கலந்தா பாசி பிடிச்ச மாதிரி பச்சை வரும், பாண்டி சுவத்த வரையற புதுசுங்க படத்துல அடிக்கடி பாக்குற நோய் இது. மஞ்ச இயல்பாவே வெளிச்சமான கலரு, நீள அலை நடுத்தர அலை ரெண்டு கூம்பையும் ஒண்ணா எழுப்புது, அதனால இருட்டு மஞ்சன்னு ஒண்ணு கண்ணுக்கே கிடையாது. இருட்டினா அது பழுப்பாவோ ஆலிவாவோ மாறிடும். பழுப்புங்கறதே சுத்தி வெளிச்சம் இருக்கும்போது தெரியற இருட்டு ஆரஞ்சுதான், பழுப்பு லைட்டுன்னு தனியா ஒண்ணு யாரும் பாத்ததில்ல.

அதனால இப்படிப் பண்ணுங்க. வெயில் பக்கத்துக்கு ஓக்கர்ல துளி லெமன், வாட்டர்கலர்னா நல்லா தண்ணி விட்டு. நிழல் பக்கத்துக்கு ஓக்கர்ல பர்ண்ட் சியன்னா கலந்து, அது சூடா ஆனதும் அலிசரினும் அல்ட்ராமரினும் கலந்த ஊதாவ கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. வானம் தெரியற திறந்த நிழல்னா ஊதா கொஞ்சம் தூக்கலா, தாழ்வாரத்துக்குள்ள இருக்கிற நிழல்னா சியன்னா தூக்கலா. வெயிலும் நிழலும் சேர்ற ஓரத்துல துளி சுத்தமான சியன்னா ஓட விட்டுப் பாருங்க, சுவரு உள்ளேர்ந்து எரியற மாதிரி இருக்கும். ஆசிரமத்துக் கட்டடங்களோட சாம்பல் சுவர வரையும்போதும் ட்யூப் சாம்பல் வாங்காம அல்ட்ராமரின் சியன்னா வெள்ளை மூணயும் கலந்து பண்ணுங்க, சூடு குளிர் ரெண்டு பக்கமும் இழுக்கலாம்.

பேலட்ல கலக்காம கண்ணுல கலக்கறது

மயில்கழுத்து பட்டுப்புடவைய கிட்ட வச்சுப் பாருங்க. பாவு ஒரு கலரு, ஊடு ஒரு கலரு, நீல நூலும் பச்சை நூலும் தனித்தனியாதான் ஓடுது. ரெண்டடி தள்ளிப் போனா நூலப் பிரிச்சுப் பாக்க கண்ணால முடியாது, ரெண்டும் சேர்ந்து ஒரே மினுமினுப்பா தெரியும், திரும்பினா சாயல் மாறும். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் செராட் 1884லேர்ந்து 1886 வரைக்கும் கிராண்ட் ஜாட்ங்கற ஆத்தங்கரைப் படத்த புள்ளி புள்ளியா வச்சது இந்த எண்ணத்துலதான். கலந்தா மங்கும், பக்கத்துல வச்சா உயிர் இருக்கும்னு நம்பினாரு. முழுப் படத்தையும் புள்ளில போடச் சொல்லல, அது தனி வாழ்க்கை. கடல் தண்ணி, காகிதப்பூ கொத்து, மரத்து இலை மாதிரி இடத்துல மட்டும் ரெண்டு கலர முழுசா கலக்காம பிரஷ்ஷால பக்கத்துல பக்கத்துல தொடுங்க. டோன் ரெண்டும் ஒண்ணா இருந்தா மட்டும்தான் இது எடுபடும், இல்லன்னா அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

சாயங்காலம் வரையறவங்களுக்கு

பொழுது சாஞ்சதும் கூம்பு ஓய்ஞ்சு குச்சி செல்லு வேலைய எடுத்துக்குது. குச்சி கலரப் பிரிச்சுச் சொல்லாது, ஆனா சிவப்பு வெளிச்சம் அதுக்கு கிட்டத்தட்ட இருட்டு மாதிரி, நீலப்பச்சை வெளிச்சத்துக்குதான் கூர்மை. செக் நாட்டு புர்க்கினி 1825 வாக்குலயே இத எழுதி வச்சிருக்காரு. மதிலுக்கு மேல தொங்குற சிவப்பு காகிதப்பூ பகல்ல இலைய விட பளிச்சுன்னு இருக்கும், ஆறரை மணிக்கு மேல பூ கறுத்து இலை வெளுத்துத் தெரியும். வீராம்பட்டினத்துல கரைல நிக்கிற படகுல சிவப்புப் பட்டையும் நீலப் பட்டையும் இருந்தா ஒரு அரை மணி நேரம் உக்காந்து பாருங்க, நீலம் கடைசி வரைக்கும் நிக்கும். அதனால அந்தி நேரப் படத்துல சிவப்ப இருட்டாக்கி நீலத்த ஒரு டோன் ஏத்துங்க. ஆனா அந்த இருட்டுல கலர் கலக்காதீங்க, பேலட்ல இருக்கிறதயும் அதே குச்சி செல்லுதான் பாக்குது. டோன் மட்டும் குறிச்சுக்கிட்டு, எந்தக் கலர் முதல்ல போச்சுன்னு பக்கத்துல எழுதிக்கிட்டு, வீட்டுக்கு வந்து போடுங்க.

பாக்குறவங்க கண்ண எங்க நிறுத்தறது

கூர்மையா தெரியற இடம் கைய நீட்டினா ரெண்டு கட்டைவிரல் நகம் அளவுதான், மத்த இடத்துல எல்லாம் உருவமும் கலரும் மங்கல். ஒரே இடத்துல அழுத்தமான கலரையும் கூர்மையான ஓரத்தையும் வைங்க, சுத்தி எல்லாத்தையும் சாம்பல் பக்கம் இறக்குங்க. எல்லா ஜன்னலுக்கும் ஒரே அளவு பச்சை அடிச்சா கண்ணு எங்கயும் நிக்காது.

முடிஞ்சதும் சரி பாக்கறது

படத்த போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்க. ஆண்கள்ல சில பேருக்கு சிவப்பு பச்சை வித்தியாசம் சரியா தெரியாது, அவங்களுக்கும் உங்க படம் புரியணும்னா முக்கியமான இடம் டோன்லயே தனியா நிக்கணும். பச்சை ஜன்னலும் சிவப்புப் பூவும் கறுப்பு வெள்ளைல ஒட்டிக்கிச்சுன்னா ஒண்ண ஏத்துங்க, ஒண்ண இறக்குங்க.

கடைசியா லைட்டு. வீட்டு ட்யூப் லைட்டு பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தோட சாயல அளக்குற அலகு, எண் ஏற ஏற நீலம் கூடும்), நீலம் தூக்கல், அதுக்குக் கீழ கலந்த கலர் காலைல வெளில எடுத்துட்டுப் போனா மஞ்சளடிச்சுத் தெரியும், ஏன்னா ட்யூப் லைட்டோட குளிர சரிக்கட்ட நீங்க சூடு அதிகமா கலந்திருப்பீங்க. முடிஞ்சா வடக்குப் பாத்த ஜன்னல் பக்கம் உக்காருங்க. ராத்திரிதான் நேரம் கிடைக்கும்னா 5000 கெல்வின், சிஆர்ஐ (கலர எவ்வளவு உண்மையா காட்டுதுங்கற அளவு) 90க்கு மேலன்னு டப்பால போட்ட எல்இடி பல்ப் வாங்கி, பேப்பருக்கும் பேலட்டுக்கும் ஒரே பல்ப் வெளிச்சம் விழற மாதிரி மாட்டுங்க. படத்த வேற ஒருத்தர் வீட்டுல மாட்டப் போறாங்கன்னா அங்க என்ன லைட்டு இருக்குன்னு முன்னாடியே கேட்டுக்கங்க, ஹால்ல மஞ்ச பல்ப் இருந்தா உங்க ஊதா நிழல் செத்து சாம்பலாயிடும், அதுக்கு ஊதாவ ஒரு சுத்து கூட்டிக் கொடுத்தா சரியா வரும்.